பழந்துணி இல்லாத ஊர்

நறுவிலிக்குளத்துச் சிவக்கொழுந்து காய்ச்சி வடித்த எஞ்சின் ஒயிலில் ஒருமுறை ஓர் இலையான் பறந்து வந்து இருந்துவிட்டதாம். இருந்த இலையானுக்குக் கால் வழுக்கத் தொடங்கியதாம். வழுக்கி வழுக்கி, எதையும் பிடித்து நிற்க முடியாமல், கடைசியில் வங்காலைக் கடற்கரையில் போய்த்தான் நின்றதாம். இதைச் சொல்லித் திரிந்தவர் அவளுடைய புருசன் கதிர்காமு. அவர் சொன்ன கதைகளில் பாதியைக் கழித்துவிட வேண்டும். எந்தப் பாதியை என்பதில்தான் ஊருக்குள் எப்போதும் இழுபறி.

ஆனால் ஒயில் நல்ல ஒயில். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய முதல் இரண்டு வருடங்களில் நறுவிலிக்குளத்தில் ஓடிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்கள், மோட்டார் சைக்கிள்கள், ஊருக்கென்று இருந்த ஒரேயொரு ஓட்டோ எல்லாம் அவளுடைய ஒயிலில்தான் ஓடின. எஞ்சினிலிருந்து இறக்கிய கறுத்த ஒயிலைக் கானில் கொண்டுவந்து அவளுடைய வேலியோரம் வைத்துவிட்டுப் போவார்கள். நாற்பது நாள் கழித்து வந்து, வெறுந்தேத்தண்ணி நிறத்தில் அதையே திரும்ப எடுத்துப் போவார்கள். போகும்போது ஒரு சுண்டு நெல்லோ நாலு கருவாடோ வாசலில் இருக்கும். ஐம்பத்துநாலு வயதில் அவளுக்கு ஊர் வைத்த பெயர் ஒயிலக்கா.

இந்த வேலையை அவளுக்கு ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. வன்னியில் இருந்த காலத்தில், பொருளாதாரத் தடை அவளைப் பிடித்து இருத்திப் படிப்பித்தது. அந்த நாளில் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் கண்ணால் காணும் சாமான். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் பிடிக்கும் மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோலை மணக்கக் கொடுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். கதிர்காமுவின் மோட்டார் சைக்கிள் விட்ட புகையைக் கண்டு மலேரியாக்காரர் மருந்தடிக்க வந்துவிட்டார்கள் என்று மல்லாவிச் சனம் சோற்றுப் பானைகளை மூடி வைத்ததாம். இது அந்தக் கழிக்க வேண்டிய பாதியில் சேரலாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குக் காய்ச்சல்போல ஒரு வருத்தம் வரும். எரியாத மண்ணெண்ணெய் மெல்லக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் ரசம்போலத் தண்ணியாகிவிடும். மாற்றி ஊற்றப் புது ஒயில் கிடையாது. ஒருநாள் கதிர்காமு இறக்கிய ஒயிலுக்கு முன்னால் குந்தியிருந்து நெற்றியில் கையை வைத்தபோது, சிவக்கொழுந்து அதில் விரலைத் தொட்டு, உரசி, மணந்து பார்த்தாள். அன்று காலையில்தான் அவள் தேங்காய்ப்பால் காய்ச்சி எண்ணெய் எடுத்திருந்தாள்.

"இது பழுதாகேல்லையப்பா. ஊத்தைப்பட்டிருக்கு, அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"காய்ச்சுவம்."

"கடுகு, கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்டார் கதிர்காமு.

வீட்டு வளவின் மூலையில், கூரைக்கு எட்டத் தள்ளி, சின்ன நெருப்பில் தாச்சிச் சட்டியை வைத்தாள். தண்ணீர் பட்ட எண்ணெய் வெடிப்பதுபோல ஒயில் படபடவென்று வெடித்தது. வெடிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கிய பிறகும் மண்ணெண்ணெய் மணம் போகும்வரை நெருப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு, காய்ந்த குளத்துக் களிமண்ணை மாவாக இடித்துப் போட்டுக் கிளறி, ஆறவிட்டு, எட்டாக மடித்த துணியில் வடித்து, கானில் அசையாமல் வைத்துவிட்டாள். நாற்பது நாளில் மண்டி அடியில் தங்கியது. மேலே தெளிந்ததை எடுத்து, அன்றைக்குக் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டாள். அடுத்தநாள் பார்த்தபோது சொட்டு நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாமல் முழுநிலாவாகப் பரவியிருந்தது. அவளுக்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி. அதன்பிறகு ஒவ்வொரு ஒயிலுக்கும் ஒரு தாள் விடுவாள். ஒருவருடைய ஒயிலை மற்றவருடையதோடு கலக்கமாட்டாள். "ஒருத்தரின்ர காய்ச்சலை மற்றவருக்குக் குடுக்கக்கூடாது" என்பாள்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் வடிதுணி. புதுத்துணி உதவாது, அது நூல் விடும். வருடக்கணக்காக உடுத்துத் தோய்த்து, விடவேண்டிய நூலையெல்லாம் விட்டுத் தீர்ந்த துணியாக இருக்க வேண்டும். வன்னியில் அவளிடம் இருந்தது அவளுடைய கல்யாணத்துக்கு அடுத்த வருடம் வாங்கிய வொயில் சேலை. குழந்தையின் கன்னத்தில் வைத்துத் துடைக்கலாம். அவளுக்குக் குழந்தை இல்லை, ஒயிலை வடித்தாள்.

அந்தச் சேலை யுத்தத்தின் கடைசி மாதங்களில் போயிற்று. பங்கருக்கு மேலே அடுக்க மண்மூட்டை வேண்டியிருந்தது. சாக்கு இல்லாத இடத்தில் சனம் சேலைகளைத் தைத்து மண் நிரப்பியது. கூறைச் சேலைகூட மூட்டையானது. சிவக்கொழுந்து வடிதுணியையும் தைத்து, தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு, பங்கர் வாசலில் வைத்தாள். அந்த இடத்தைவிட்டு ஓடும்போது மூட்டையைக் கட்டவிழ்த்து எடுத்துக்கொண்டு வர யாருக்கு நேரம் இருந்தது. உடுத்த துணியோடு செட்டிகுளம் முகாமுக்கு வந்தார்கள். 2010இல் நறுவிலிக்குளத்துக்குத் திரும்பினார்கள். தகரம் தந்தார்கள், மண்வெட்டி தந்தார்கள், வாளி தந்தார்கள். குடும்பத்துக்கு முகம் துடைக்க இரண்டு நீலத் துவாய் தந்தார்கள்.

மோட்டார் சைக்கிள்கள் மெல்ல மெல்ல ஊருக்கு வந்தன. கடையில் இப்போது புது ஒயில் இருந்தது. வாங்கக் கையில் காசில்லாத சனத்துக்கு அது கண்ணாடிக்குள் இருந்தது. கான்கள் அவளுடைய வேலியோரம் வந்து சேர்ந்தன. சிவக்கொழுந்து வடிதுணிக்காக ஒரு பழந்துணி கேட்டு வீடு வீடாகப் போனாள்.

ஒரு வீட்டிலும் பழந்துணி இல்லை.

முதல் நாலு வீட்டில் அவள் சிரித்தாள். ஐந்தாம் வீட்டில் சிரிப்பு நின்றது. ஐம்பத்துச் சொச்சக் குடும்பத்தில் ஒரு கிழிசல் சேலை, ஒரு நைந்த சாரம், ஒரு பழைய தலையணை உறை கிடையாது. எல்லாம் நிவாரணத் துணி. எல்லாம் புதுசு. எல்லாம் ஒரே நிறம், ஒரே மொடமொடப்பு. கிழவிகள்கூடப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்போல நின்றார்கள்.

"பழசு வேணுமெண்டா இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு வா பிள்ளை" என்றாள் ஒரு கிழவி.

ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுடைய வீட்டிலேயே இருந்தது. கதிர்காமுவின் வேட்டி. கடைசி மாதங்களில் அவர் காணி உறுதியை அந்த வேட்டிக்குள் சுருட்டி, சாரத்துக்கு உள்ளே இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார். அப்படியே கடலேரியைக் கடந்தார், அப்படியே முகாமுக்குள் வந்தார். இருபது வருடத் துணி. தோய்த்துக் காய வைத்தால் அதற்குள்ளால் கொடிக்குப் பின்னால் நிற்கும் மாடு தெரியும். இப்போது கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதை உடுத்தினார்.

"உந்த வேட்டியை எடன்" என்றார் கதிர்காமு. "எட்டு மடிச்சாலும் ஒயில் மழையெண்டு இறங்கும்."

"ஓம், பிறகு நீங்கள் கோயிலுக்கு நீலத் துவாயோட போங்கோ."

"பிள்ளையார் என்ன, என்ர வேட்டியையே பாத்துக்கொண்டிருக்கிறார்?"

"நான் பாக்கிறனப்பா" என்றாள் சிவக்கொழுந்து. "ஊரில ஒரு ஆம்பிளையாவது வேட்டியோட நிக்கட்டும்."

அவள் நீலத் துவாய் ஒன்றை எடுத்துப் பதினைந்து தரம் தோய்த்தாள். கல்லில் அடித்தாள். வெயிலில் போட்டாள். மேலே நின்ற நூல் தும்புகளை விளக்குச் சுடரில் காட்டிப் பொசுக்கினாள். பிறகு எட்டாக மடித்து வடித்தாள். கலண்டர் தாளில் முழுநிலா வந்தது. ஒரு தரம் அல்ல, ஒவ்வொரு தரமும் வந்தது.

ஊரின் ஓட்டோ யசோதரனுடையது. இருபத்துநாலு வயது. தகப்பன் யுத்தத்தில் போனபிறகு தாயோடு இருந்தான். வெளிநாட்டில் இருந்த மாமன் ஒருவர் அந்த ஓட்டோவை எடுத்துக் கொடுத்திருந்தார். பஸ் ஒழுங்காக வராத ஊரில் பிள்ளைப்பேற்றுக்கும் காய்ச்சலுக்கும் அவன்தான் மன்னாருக்கு ஓடுவான். சிவக்கொழுந்து அவனுக்கு மாமி, கதிர்காமு மாமா. சொந்தத்தால் அல்ல, முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்ததால். அவனுடைய கானில் 'யசோ' என்று சிவப்புப் பெயின்ரில் எழுதியிருக்கும். அந்த ஒயிலை அவள் மூன்று தரம் காய்ச்சிக் கொடுத்திருந்தாள்.

2012 தைப்பொங்கலுக்கு எட்டு நாள் இருந்தது. வரம்பு வெட்டப் போன கதிர்காமுவின் கணுக்காலில் பற்றைக்குள் கிடந்த புடையன் கடித்தது. இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த வயலில் நிரந்தரக் குடிகள் பாம்புகள்தான். அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"என்னப்பா, எனக்கு ஒரு பாம்பு முத்தம் தந்திட்டுது."

"என்ன பாம்பு?"

"புடையன்."

"கனக்கப் பெரிசோ?"

"இஞ்சயிருந்து முருங்கன் மட்டும்" என்றார். முகத்தில் வேர்வை வழிந்தது.

யசோதரன் ஐந்து நிமிடத்தில் வந்தான். சிவக்கொழுந்து பின் சீற்றில் இருந்து அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய கால் வீங்கி, வீக்கம் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கிறவல் றோட்டில் ஓட்டோ பறந்தது. வங்காலையைத் தாண்டும்போது அவளுக்கு எஞ்சினின் சத்தம் மாறுவது கேட்டது. தொண்டை காய்ந்த மனிதன் இருமுவதைப்போல ஒரு வறட்டுச் சத்தம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லக்கூடியவள் அவள். கேட்டாள். என்ர ஒயில் அப்படிச் செய்யாது என்று நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

தள்ளாடி இராணுவ முகாமுக்கு வர முன், இரண்டு பக்கமும் உப்புத் தரவையாகக் கிடக்கும் வெளியில், ஓட்டோ ஒரு இழுப்பு இழுத்து நின்றது. யசோதரன் ஸ்ராட் கம்பியை இழுத்தான், இறங்கித் தள்ளினான், உதைத்தான். எஞ்சின் இறுகிக் கல்லாகிவிட்டது. முன்னுக்கும் வாகனம் இல்லை, பின்னுக்கும் வாகனம் இல்லை. அவன் செருப்பில்லாமல் தள்ளாடிப் பக்கம் ஓடினான்.

நிழலுக்கு ஒரு மரம் இல்லை. தண்ணீருக்குள் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. கதிர்காமு மடியில் கிடந்தபடி அவற்றைப் பார்த்தார். அவருடைய பல்முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

"உதுகள் ஏன் ஒற்றைக் காலில நிக்குது தெரியுமோ?"

"பேசாமல் கிடவுங்கோ."

"மற்றக் காலில பாம்பு கடிச்சுப்போட்டுது" என்றார்.

அதுதான் அவர் சொன்ன கடைசிக் கதை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து இராணுவத்தின் தண்ணீர் பவுசர் லொறி ஒன்றில் யசோதரன் திரும்பி வந்தான். சிப்பாய்கள் இருவர் இறங்கி அவரைத் தூக்கி ஏற்றினார்கள். மன்னார் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடியும்போது அவர் போய்விட்டார். கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது யார் என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல் பிரேதத்துக்கு முதலே ஊருக்கு வந்துவிட்டது.

அவரைக் குளிப்பாட்டி அந்த வேட்டியை உடுத்தினார்கள். ஊரில் இருந்த ஒரேயொரு பழந்துணி அவரோடு எரிந்தது.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை சிவக்கொழுந்து வளவைவிட்டு வெளியே போகவில்லை. வந்த சனத்தின் கதை காதில் விழுந்தது. "ஓட்டோ வைச்சிருக்கிறவன் எஞ்சினைப் பாக்க வேண்டாமோ" என்றார்கள். "கண்மண் தெரியாமல் ஓடினவனாம்" என்றார்கள். செத்தவீட்டுக்கு வந்த யசோதரன் பந்தலுக்கு வெளியே வேலியைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனான். அதன்பிறகு வரவில்லை. ஓட்டோவை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போகப் போகிறான் என்று அவனுடைய தாய் வந்து அழுதாள். "அவன் நித்திரை கொள்றானில்லை மச்சாள். ஒயில் லைற் சிவப்பா எரிஞ்சதைக் கண்டவனாம். கண்டும் நிப்பாட்டேல்லையாம். மாமாவை நான்தான் கொண்டனான் எண்டுறான்."

இன்னொரு கதையும் குசுகுசுப்பாக இருந்தது: பழைய ஒயில்தானே ஊற்றினவன்.

முப்பத்திரண்டாம் நாள் சிவக்கொழுந்து பெட்டியைத் திறந்தாள். கிழித்த கலண்டர் தாள்களைத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். யசோதரனுக்குக் கடைசியாக ஒயில் கொடுத்த நாளின் தாளைத் தேடி எடுத்தாள். சொட்டு முழுநிலாவாக இருந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஓட்டோ மன்னாருக்கு அப்பால் தாராபுரத்தில் ஹலீமின் கராஜில் நின்றது. எஞ்சினைத் திறந்து பார்க்க வைத்து, தன்னுடைய ஒயில் அவரைக் கொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பஸ் உப்புத் தரவையைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹலீமுக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தாய் தகப்பனோடு கையில் ஒரு பையுடன் புத்தளத்துக்குப் போக வைக்கப்பட்டவன். கொழும்புக் கராஜ்களில் வேலை பழகி, இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் கராஜ் போட்டிருந்தான். அவனுடைய மனைவி றஹீமா கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"திறக்க வேணாமெண்டு அவன் சொல்லியிருக்கான் அக்கா" என்றான் ஹலீம். "அப்பிடியே விக்கப்போறானாம்."

"நான் சொல்லுறன், திற தம்பி. இதையும் பார்."

தாளை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். மணந்தான்.

"வீட்டில காய்ச்சினதா? அல்லாவே. கொழும்பில கொம்பனிக்காரர் பழைய ஒயிலப் பரல் பரலா ஏத்திட்டுப் போய், ஆவியாக்கி எடுத்து, மருந்து சேர்த்து, புது ஒயிலாவே திருப்பி விப்பாங்க. அது வேற. உங்கட ஒயிலில பழைய மருந்து செத்திருக்கும். எண்டாலும் இவ்வளவு சுத்தமா நான் கண்டதில்ல."

"அப்ப என்ர ஒயிலாலை இல்லை."

"திறக்காமச் சொல்ல ஏலாதக்கா."

ஒரு மணித்தியாலம் ஆனது. பிஸ்ரன் கீறுப்பட்டு இறுகியிருந்தது. "ஒயில் ஏறேல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் கீழே கழற்றினான். ஒயிலை மேலே இறைக்கும் பம்புக்குப் போகும் வாசலில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வலை இருந்தது. வலை தெரியவில்லை. அதை மூடிக்கொண்டு, பூனைக்குட்டியின் காதுபோல மெத்தென்று, ஏதோ கறுப்பாகப் படிந்திருந்தது. ஊசியால் கிளப்பி எடுத்து, பெற்றோலில் அலசி, உள்ளங்கையில் விரித்தான். கறுப்புப் போயிற்று. நீலம் வந்தது.

தலைமயிரிலும் மெல்லிய தும்பு. ஒரு சொட்டில் கண்ணுக்குத் தெரியாத தும்பு. மூன்று தரத்து ஒயிலில் இருந்தும் வந்து ஒன்றாய்ச் சேர்ந்திருந்தது.

"நீலத் துணி ஏதும் உள்ள..." என்று தொடங்கிய ஹலீம் நிறுத்திவிட்டான். அவன் கை துடைக்கும் துவாய் பக்கத்து ஆணியில் தொங்கியது. அதுவும் அதே நீலம். திரும்பி வந்த எல்லாருக்கும் கொடுத்த நீலம். அவன் அதைப் பார்த்தான். அவளும் அதைப் பார்த்தாள்.

"ஒயிலில பிழையில்லக்கா" என்றான் மெல்ல. "நூல்தான்."

அவள் கலண்டர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அந்த ஒரு சொல் அவளைப் பதினொரு நாள் கட்டிப்போட்டு வைத்திருந்தது. தும்பைக் கலண்டர் தாளில் மடித்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தாள். யசோதரனின் வீடு நாலு வேலி தள்ளி. ஒவ்வொரு காலையும் போகவென்று எழும்பினாள். ஒவ்வொரு காலையும் முற்றத்தைக் கூட்டினாள், கிணற்றடிக்குப் போனாள், வந்து இருந்தாள். வேட்டியை எடன் என்று அவர் சொன்னது காதுக்குள் கேட்டபடியே இருந்தது. அவருக்காகத்தான் அதை வைத்தாள். சந்நிதியில் அவர் வேட்டியோடு நிற்கிறதைப் பார்க்க வேண்டும் என்று வைத்தாள். பெரிதாக ஆசைப்பட்டுவிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மருத்துவிச்சி மதலேனா மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தினாள். வங்காலைக்காரி, கர்ப்பிணிகளைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறவள்.

"அக்கா, இதுக்குள்ள என்னவோ இருமுது. சனிக்கிழமை முசலிக்குப் போகவேணும். ஒருக்காப் பாருங்கோவன்."

சிவக்கொழுந்து சத்தத்தைக் கேட்டாள். வங்காலை தாண்டும்போது கேட்ட அதே சத்தம். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தன்னுடைய துக்கத்துக்குள் குந்தியிருந்ததில், அந்தத் துவாயால் வடித்த ஒயில் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதை அவள் பதினொரு நாளும் நினைக்கவேயில்லை.

"நிப்பாட்டு பிள்ளை. இனி இதை ஓடாதை."

கதிர்காமுவின் ஸ்பானர்ச் சாவிகளை எடுத்துவந்து எஞ்சினைத் தானே கழற்றினாள். வலையில் நீலம் இருந்தது. மதலேனாவுக்கு அதைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மதலேனா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யசோவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நீங்கள் எப்ப அறிஞ்சனீங்கள்?"

சிவக்கொழுந்து சொன்னாள். மதலேனா அவளுடைய கையிலிருந்த சாவியை வாங்கி வைத்துவிட்டு, "போங்கோ அக்கா. இப்பவே போங்கோ" என்றாள்.

யசோதரன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. அவளைக் கண்டதும் எழும்பி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். அவள் கலண்டர் தாளை விரித்து, தும்பை அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"உன்ர எஞ்சினுக்குள்ள இருந்தது. நான் வடிச்ச துவாயின்ர நூல். வலையை அடைச்சுப்போட்டுது."

அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது.

"நான் லைற்றைக் கண்டனான் மாமி" என்றான். "நிப்பாட்டேல்ல."

"நான் சத்தம் கேட்டனான். சொல்லேல்ல. நிப்பாட்டியிருந்தாலும் அந்த வெளியிலதான் நிண்டிருப்பம். நீ ஓடினபடியால்தான் அவ்வளவு தூரமாவது வந்தது."

"மாமாக்கு இது தெரியுமோ?"

"அவர் தன்ர வேட்டியை எடுக்கச் சொன்னவர். நான்தான் குடுக்கேல்ல."

யசோதரன் உள்ளங்கையைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு, "எப்ப திறந்தனீங்கள்?" என்று கேட்டான். சொன்னாள். அவனுடைய முகம் இறுகியது.

"பதினொரு நாள்" என்றான். "நாலு வேலி மாமி."

தும்பைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. அவள் வெயிலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவன் அழும் சத்தம் கேட்டது. ஒன்றரை மாதமாக அவன் அழவில்லை என்று அவனுடைய தாய் சொல்லியிருந்தாள். சிவக்கொழுந்து அந்தச் சத்தத்தை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறந்தாள்.

அன்றும் அடுத்தநாளும் சாவிகளோடு வீடு வீடாகப் போனாள். பழந்துணி கேட்டுப் போன அதே ஒழுங்கையால் போனாள். லான்ட்மாஸ்ரர்காரருக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஏழு மோட்டார் சைக்கிள்களைத் திறந்தாள், ஏழிலும் நீலம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, என்ர துவாய்தான், யசோவில பிழையில்லை என்று சொன்னாள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒருவரும் கான் கொண்டுவரவில்லை. கடை ஒயில் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் வாகனத்தை நிறுத்தி வைத்தார்கள். தாச்சி கவிழ்ந்து கிடந்தது.

யசோதரன் கட்டாருக்குப் போகவில்லை. ஹலீம் எஞ்சினைச் சரிசெய்து கொடுத்ததும் மறுபடி ஓட்டோ ஓட்டினான். அவளுடைய வளவைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பான், நிறுத்தமாட்டான். அப்படியே இரண்டு வருடம் போனது.

ஒரு மாசி மாதக் காலையில் ஓட்டோ வேலியோரம் நின்றது. அவன் ஒரு கானை இறக்கி வைத்தான். 'யசோ' என்ற சிவப்பு எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. உள்ளே கறுத்த ஒயில். கானை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளிடம் நீட்டினான். அது நீலத் துவாய்தான். நீலத்தைத் தேடத்தான் வேண்டும். வெயிலும் வேர்வையும் குடித்து வெளுத்து, ஓரங்கள் பிய்ந்திருந்தது.

"நாலு வருசத் துவாய் மாமி" என்றான். "இப்ப பழசு."

சிவக்கொழுந்து அதை வாங்கவில்லை, முதலில் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து ஒரு உதறு உதறினாள். வெளிச்சத்துக்குள் இரண்டு மூன்று தும்புகள் மிதந்து, ஆறுதலாக இறங்கின. இருவரும் அவை நிலத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்தப் பழசு காணாது தம்பி" என்றாள். துவாயை மடித்து அவனுடைய தோளிலேயே போட்டாள். "இன்னும் ஒரு வருசம் துடைச்சுப்போட்டுக் கொண்டு வா."

"சரி மாமி."

அவன் கானைத் திருப்பி ஏற்றக் குனிந்தான்.

"ஒயில் இருக்கட்டும்" என்றாள் சிவக்கொழுந்து. "அது பழுதாகாது."